பொறுப்பான பிள்ளைகள்

2023 அக்டோபர் 7, சனிக்கிழமை. ஓசூரைத் தாண்டி ஜூஜூவாடியைக் கடந்தால் கர்நாடகத்தில் வருகிற அத்திப்பள்ளியில், ஒரு பட்டாசுக் கடையில் லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்தது. அன்றைக்கே 14 பேர் இறந்துபோனார்கள். பிறகு மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். தருமபுரி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து தீபாவளி சீசன் வேலைக்கு வந்தவர்கள். அரூர் பக்கத்து அம்மாபேட்டை என்ற ஒரே ஊரில் பல வீடுகளில் இழவு விழுந்தது. இறந்தவர்களில் பலர் மாணவர்கள். படிப்புச் செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் நாலு காசு சேர்க்க வந்தவர்கள்.

மறுநாளிலிருந்து நாம் நிறையக் கேள்விகள் கேட்டோம். உரிமம் எவ்வளவு சரக்குக்கு, கடையில் அடுக்கியிருந்தது எவ்வளவு, கையெழுத்துப் போட்ட அதிகாரி யார் என்றெல்லாம் கேட்டோம். கர்நாடக அரசு விசாரணையை சி.ஐ.டி.யிடம் ஒப்படைத்தது. ஊர்வலங்களிலும் கல்யாணங்களிலும் பட்டாசு வெடிக்கத் தடை போட்டது. இறந்தவர் குடும்பத்துக்குத் தமிழ்நாடு 3 லட்சம் ரூபாயும் கர்நாடகம் 5 லட்சம் ரூபாயும் அறிவித்தன. கேள்விகளும் நடவடிக்கைகளும் வேண்டியவைதான். ஆனால் ஒரு கேள்வி மட்டும் நம் ஓசூர் டீக்கடை எதிலும் எழவில்லை. அக்டோபர் மாதம், செமஸ்டர் நடந்துகொண்டிருக்கும்போது, ஒரு கல்லூரி மாணவன் பட்டாசு குடோனில் என்ன செய்துகொண்டிருந்தான்? வகுப்பில் அவன் இல்லை என்பதை யார் கவனித்தார்கள்?

அந்தக் கேள்வி எழாததற்குக் காரணம், அதற்கான பதில் நம் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்ததுதான்.

ஒவ்வொரு ஆண்டும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே மாநில எல்லையின் இரண்டு பக்கமும் நெடுஞ்சாலையோரம் கடைகள் முளைத்துவிடும். விலை குறைவு என்று பெங்களூருவிலிருந்து கார்கள் வரிசைகட்டும். பெட்டி சுமப்பது, பில் போடுவது, பொட்டலம் கட்டுவது எல்லாம் மீசை அரும்பிய பையன்கள். நாமும் அங்கேதான் வாங்கினோம். "என்ன தம்பி படிக்கிறே?" "பி.காம். ரெண்டாவது வருஷம் சார்." "பரவாயில்லையே, படிச்சுக்கிட்டே சம்பாதிக்கிறியே!" என்று தட்டிக்கொடுத்துவிட்டு, அதே மூச்சில் இன்னும் பத்து சதவீதம் தள்ளுபடி கேட்டோம். அத்திப்பள்ளிக்குச் சரியாகப் பத்து வாரம் முன்பு, ஜூலை 29 அன்று, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்திருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த பிறகும் நம் பாராட்டு குறையவில்லை.

நம் அலட்சியம் வசவாக வரவில்லை என்பதுதான் இதில் வினோதம். அது பாராட்டாக வந்தது. பொறுப்பான பிள்ளை என்று ஒருவனைச் சொல்லிவிட்டால், அவன் என்ன சாப்பிட்டான், எப்போது தூங்கினான் என்று கேட்க வேண்டிய கடமையிலிருந்து நாம் கழன்றுகொள்கிறோம். அவனும் அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காகவே வாயைத் திறக்க மாட்டான்.

இது நம் ஊருக்கென்றே உள்ள குணமோ என்றுகூடத் தோன்றுகிறது. சிப்காட் தொழிற்பேட்டை வந்தபோது, 1980இல் அசோக் லேலண்ட் ஆலை ஓடத் தொடங்கியபோது, டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் வந்தபோது, ஊத்தங்கரையிலிருந்தும் அரூரிலிருந்தும் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள் நாம், அல்லது நம் அப்பாக்கள். நாலு பேர் ஒரு ரூமில் தங்கி, கம்பெனி பஸ் பிடித்து, மெல்ல ஒரு வீடு கட்டி மேலே வந்தவர்கள். அதனால் கஷ்டம் என்றால் நமக்கு ஒரு மரியாதை. "நாங்க படாத கஷ்டமா?" என்பதுதான் ஓசூரில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் முதல் ஆறுதலும் கடைசி ஆறுதலும்.

அந்த ஒப்பீடு பொய். நம் அப்பாக்களுக்கு முதலில் படிப்பு முடிந்தது, அப்புறம் வேலை தொடங்கியது. பட்ட பாட்டுக்கு அடுத்த முனையில் நிரந்தர வேலை, பி.எஃப்., போனஸ் இருந்தன. இன்று சின்ன எலசகிரியிலும் மூக்கண்டப்பள்ளியிலும் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பையனுக்கு இரண்டும் ஒரே நாளில். ராத்திரி காண்ட்ராக்ட் ஆளாக ஒரு பட்டறையில் நைட் ஷிப்ட், காலையில் கண்ணெரிச்சலோடு முதல் பீரியட். பதினெட்டு வயது முடிந்துவிட்டதால் குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு அவன் தெரிய மாட்டான். சீசன் ஆள் என்பதால் பல இடங்களில் சம்பளப் பதிவேட்டிலும் தெரிய மாட்டான். வேலைக்குப் போவதை ஒளிப்பதால் கல்லூரிக்கும் தெரிவதில்லை.

ஏன் ஒளிக்கிறான்? 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வுக்கு முன் அபராதம் கட்ட வேண்டும். இன்னும் குறைந்தால் தேர்வே எழுத முடியாது. கட்டணம் கட்டுவதற்காக வேலைக்குப் போகிறவன், வேலைக்குப் போனதற்காக இன்னொரு கட்டணம் கட்டுகிறான். இந்தச் சுழலை அமைத்தவர்கள் யாரோ அல்ல. கல்லூரிக் குழுக்களில் உட்கார்ந்து தலையாட்டிய நாமேதான். வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட்டுக்குச் சிவப்பு மையில் 'ஆ' போடத் தெரிந்த நமக்கு, தொடர்ந்து பத்து 'ஆ' விழுந்த பெயரைப் பார்த்து ஒரு போன் செய்யத் தோன்றவில்லை. பெற்றோரை அழைத்து வரச் சொன்னோம். தினக்கூலி வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு வந்து நின்ற அப்பாவிடம், பையனுக்கு ஒழுக்கம் போதாது என்றோம்.

ஆசிரியர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் நம் அரசுக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்களில் கௌரவ விரிவுரையாளர்கள் ஏராளம். 2025இல் அவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய்தான். அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாதவர், மாணவனின் அடுத்த ஆண்டைப் பற்றி எங்கே விசாரிப்பார்? விசாரித்தவர்களும் உண்டு, தன் பையிலிருந்து தேர்வுக் கட்டணம் கட்டியவர்களும் உண்டு. அவர்களை ஆசிரியர் தினத்தில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினோமே தவிர, அவர்கள் செய்ததைக் கல்லூரியின் வேலையாக மாற்றவில்லை.

அமைதியான பையன் என்று இன்னொரு நற்சான்றிதழ் வைத்திருக்கிறோம். எல்லைப் பகுதிப் பிள்ளைகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசுகிறவர்கள் நிறையப் பேர். தளியிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் வருகிறவர்கள் தமிழில் பள்ளியை முடித்து, கல்லூரியில் ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் முன் உட்காருகிறார்கள். வாயைத் திறந்தால் தமிழுக்குச் சிரிப்பு, ஆங்கிலத்துக்கு அதைவிடப் பெரிய சிரிப்பு. மூன்று மொழி அறிந்தவன் மூன்றிலும் பேசாமல் இருப்பதை நாம் அடக்கம் என்று எழுதிக்கொண்டோம். பெண் பிள்ளைகள் கதை வேறு. அஞ்செட்டி மலைப் பக்கத்திலிருந்து வருகிறவளுக்கு ஒரு அரியர் விழுந்தால், வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் ரிசல்ட்டை மறைப்பாள். மறைத்தது தெரியவந்தால் அதற்கும் அவளைத்தான் குறை சொல்வோம்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலேயே வந்தது, மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய். மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில்தான் வந்தது, அத்திப்பள்ளிக்குப் பத்து மாதம் கழித்து. இரண்டுக்கும் அடிப்படை விதி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும் என்பது. கட்டட வேலைக்குப் பெங்களூரு போன அப்பா அம்மாவோடு போய், இரண்டு வருடம் அங்கே கன்னடப் பள்ளியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பியவன் இதில் எங்கே நிற்பான்? எல்லையில் வாழும் நமக்குத்தான் இது முதலில் தெரிந்திருக்க வேண்டும். எந்த மனுவிலும் நாம் இதை எழுதவில்லை. முதலமைச்சரின் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது, சத்துணவு பத்தாம் வகுப்போடு நிற்கிறது. பதினெட்டு வயதில் பசிக்காது என்று நினைத்துக்கொண்டோம் போலும்.

மனச்சோர்வைப் பற்றிப் பேசுவதற்கே நமக்குக் கூச்சம். 2022இல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஓர் ஆலோசகரையாவது நியமிக்க வேண்டும் என்றது. இருக்கிற பேராசிரியர் ஒருவரின் பெயரை ஆலோசகர் என்று பலகையில் எழுதி வைப்பது அந்த உத்தரவுக்குப் பதில் ஆகாது. இன்டர்னல் மார்க் போடும் அதே கையிடம் எந்த மாணவனும் மனதைத் திறக்க மாட்டான். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பேசுவார்கள். இந்த எண் நம் கல்லூரி வாசல்களில், நாம் வாடகைக்கு விட்டிருக்கும் ரூம்களின் மாடிப்படியில், எத்தனை இடத்தில் ஒட்டியிருக்கிறது?

கம்பெனிகளையும் விட்டுவிட முடியாது, அவற்றில் மேலாளர்களாக இருப்பவர்களும் நாம்தான். 2013 நிறுவனங்கள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். அதில் கல்விக்கும் இடமுண்டு. பெயர் பொறித்த நுழைவு வளைவுக்கும் ஸ்மார்ட் கிளாஸுக்கும் பரிந்துரை எழுதிய நாம், காலைச் சாப்பாட்டுக்கு எழுதவில்லை. சாப்பாட்டில் பெயர் பொறிக்க முடியாதே!

ஆயுத பூஜை நெருங்கும்போது எல்லைக் கடைகளுக்கு மறுபடியும் ஆள் எடுப்பார்கள். கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலைக்குப் போகும் மாணவர்கள் யார் என்று ஆகஸ்டிலேயே, தண்டனை இல்லை என்ற உறுதியோடு, கேட்டுவிடுங்கள். பட்டாசுக்குப் பதில் ஆபத்தில்லாத பகல்நேர வேலை கிடைக்குமா என்று சிப்காட்காரர்களிடம் பேசுங்கள். தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் அறிவிக்கும் சுற்றறிக்கையின் அடியில், கட்ட முடியாதவர்கள் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பெயரையும் அறை எண்ணையும் அச்சிடுங்கள்.