இயல்பிருப்பும் ஒரு முடிவே



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி நூலகத்திற்காக நானே ஒரு சிறு தரவுத்தளம் அமைத்தேன். மாணவர் பெயர்களைத் தமிழில் உள்ளிட்டேன். 'சேமிக்கப்பட்டது' என்றது கணினி. மறுநாள் திறந்து பார்த்தால், கயல்விழி என்னும் பெயர் இருந்த இடத்தில் எட்டுக் கேள்விக்குறிகள்! அழிந்த எழுத்துகளை மீட்க வழியே இல்லை. அத்தனை பெயர்களையும் மீண்டும் தட்டச்சு செய்தேன்.

தவறு என்னுடையதுதான். எழுத்துமுறையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தது. நான் அதைத் தொடவில்லை. நாம் எதையும் தேர்ந்தெடுக்காதபோது மென்பொருள் தானாகவே எடுத்துக்கொள்ளும் அமைப்பை 'இயல்பிருப்பு' என்கிறோம். அந்த இயல்பிருப்பை முடிவு செய்தவர் யாரை மனத்தில் கொண்டு முடிவு செய்தார் என்பதே என் கேள்வி.

உலகெங்கும் பயன்படும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் வரலாறு இதற்கு நல்ல பாடம். அது சுவீடனில் பிறந்தது. அதன் இயல்பிருப்பு மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1. வரிசைப்படுத்தும் முறையும் சுவீடிய மொழிக்குரியதே. தமிழ் 1991-லேயே ஒருங்குறியில் இடம்பெற்றுவிட்டது. ஆனால், மைஎஸ்கியூஎல் தன் இயல்பிருப்பை யூடிஎஃப்-8க்கு மாற்றியது 2018-இல் வந்த 8.0 பதிப்பில்தான். அதற்கு முன், 2015-இல் வந்த 5.7 பதிப்பில், 'கண்டிப்பு முறை' இயல்பிருப்பாயிற்று. அதுவரை பொருந்தாத தரவை மாற்றியோ வெட்டியோ சேமித்து, ஓர் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொண்ட மென்பொருள், அதன்பின் 'இது பிழை' என்று மறுக்கத் தொடங்கியது. என்னைக் கேட்டால், இந்த இரண்டாம் மாற்றமே பெரியது. மறுத்திருந்தால் நாம் திருத்திக்கொள்வோம். தலையாட்டிவிட்டு அழித்தால் என்ன செய்வது?

"இயல்பிருப்பை மாற்றினால் பழைய செயலிகள் முடங்கிவிடுமே" என்பர். இதுவும் உண்மையே. எஸ்கியூலைட் தரவுத்தளத்தில், அட்டவணைகளுக்கிடையிலான தொடர்பைக் காக்கும் வசதி 2009-இல் சேர்க்கப்பட்டது. பழைய செயலிகளைக் கருதி, அது இன்றும் இயல்பாக அணைந்தே இருக்கிறது. விளைவு? நாமாக அதை இயக்காவிட்டால், ஒரு மாணவரின் பதிவை நீக்கிய பிறகும் அவர் இரவல் பெற்ற நூல்களின் பதிவுகள் உரிமையாளர் இன்றி நிற்கும்.

பழைய தரவுத்தளங்கள் பழையபடியே இயங்கட்டும். புதிதாகத் தொடங்குபவருக்கோ, தரவைக் காக்கும் வசதிகள் யாவும் முதலிலேயே இயங்க வேண்டும். வேண்டாதவர் அணைத்துக்கொள்ளட்டும். தானாக எதைத் தேர்ந்தெடுத்தாலும், எதைத் தேர்ந்தெடுத்தேன் என்று மென்பொருள் வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும்.

வகுப்பில் கை தூக்கும் மாணவர் தமக்கு வேண்டியதைக் கேட்டுப் பெற்றுவிடுவார். கை தூக்காத மாணவரை நினைத்தன்றோ நாம் பாடத்தைத் திட்டமிடுகிறோம்? இயல்பிருப்பும் கை தூக்காதவருக்கானதே.

அதுவரை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முந்நூறு பெயர்களை உள்ளிடுமுன் ஒரே ஒரு தமிழ்ப் பெயரைச் சேமித்து, மூடி, மீண்டும் திறந்து பாருங்கள்.