குறியும் கோலமும்

மாணவர்களே, இணையப் பக்கம் ஒன்றை அமைப்பது கணிப்பொறி வல்லார்க்கே உரிய தொழில் என்று நீங்கள் எண்ணியிருத்தல் கூடும். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். நன்னூலும் தொல்காப்பியமும் பாடம் சொல்லி ஓய்வு பெற்ற ஒருவனுக்கு அத்தொழிலில் என்ன வேலை என்று கேட்பாரும் உளர். ஆயினும் அறுபது வயதைக் கடந்தபின் யான் அதனைக் கற்றேன். ஒருமுறை பிழைபடக் கற்று, மறுமுறை திருந்தக் கற்றேன். அப்பட்டறிவால் என் உள்ளத்தில் உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. பக்கம் அமைக்கப் புகுவோர், எழுத்தின் நிறத்தையும் பருமனையும் பற்றிக் கவலுமுன், இன்னது தலைப்பு, இன்னது பத்தி, இன்னது மேற்கோள் என்று பொருள் நோக்கிக் குறியிடக் கற்றல் வேண்டும். அதனையும் தம் கையாலேயே எழுதிக் கற்றல் வேண்டும் என்பதே அது.

குறியிடுதல் புதுவது அன்று. அச்சுக்கூடத்திற்குச் செல்லும் கையெழுத்துப் படியின் ஓரத்தில், 'இவ்வரி பெரிய எழுத்தில் வருக', 'ஈண்டுப் புதிய பத்தி தொடங்குக' என்று பதிப்பாசிரியர் குறித்தனுப்புதல் நெடுநாளைய வழக்கம். நம் பழஞ்சுவடிகளை எண்ணிப் பாருங்கள். ஓலையில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. பத்திப் பிரிவு இராது. செய்யுளும் உரையும் ஒரே நீரோட்டமாய் ஓடிக்கொண்டிருக்கும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியையும் 1889-ஆம் ஆண்டில் பத்துப்பாட்டையும் அச்சேற்றினார். ஏட்டிலிருந்து ஒரு நூலை அச்சுக்குக் கொணர்வார்க்கு, இது மூலம், இஃது உரை, இது மேற்கோள் என்று பிரித்துக் காட்டுவதே பெரும்பணி. அப்பணியைத்தான் இன்று நாம் கணிப்பொறியின்பொருட்டுச் செய்கின்றோம்.

சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகருக்கு அருகில் செர்ன் என்னும் அணுத்துகள் ஆய்வுக்கூடம் உள்ளது. ஆங்குப் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்பார், அறிஞர்களின் கட்டுரைகளை ஒன்றோடொன்று இணைத்து எவரும் படிக்குமாறு செய்யும் திட்டம் ஒன்றை 1989-ஆம் ஆண்டில் வரைந்தார். அதன் பயனாய்த் தோன்றியதே வைய விரிவு வலை. அதன் பக்கங்களை எழுதுதற்கு அவர் வகுத்த குறிமொழியை எச்.டி.எம்.எல். என்பர். 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள், இவ்வலையின் நுட்பத்தை எவரும் கட்டணமின்றிக் கையாளலாம் என்று செர்ன் அறிவித்தது. அவ்வறிவிப்பு இல்லையேல் உங்கள் ஊர்ப் பள்ளி வரை இக்கல்வி வந்திராது.

குறிமொழியின் இலக்கணம் மிக எளிது. கோண அடைப்புக்குள் ஒரு குறியை எழுதித் தொடங்குக. சாய்கோடு சேர்த்த அதே குறியால் முடிக்க. பத்திக்கு 'பி', தலைப்புக்கு 'எச்1' முதல் 'எச்6' வரை ஆறு படிகள், வேறொரு பக்கத்திற்கு வழி காட்ட 'ஏ'. ஒரு குறிக்குள் மற்றொன்றைத் திறந்தால் உள்ளே திறந்ததை முதலில் மூடல் வேண்டும். செப்புக்குள் செப்பு வைத்து மூடுவது போன்றது அது. யான் ஒருநாள் அழுத்தக்குறி ஒன்றைத் திறந்து மூட மறந்தேன். அவ்விடந்தொட்டுப் பக்கத்தின் இறுதி வரை எழுத்தெல்லாம் தடித்துவிட்டது. என் பெயர்த்தி, "தாத்தா, பக்கம் முழுவதும் உரக்கக் கத்துகிறது!" என்று நகைத்தாள்.

ஆனால் இவ்வாறு பிழை வெளிப்படத் தோன்றுவது நற்பேறு. உலாவி என்னும் மென்பொருள் பெரும்பாலும் பிழையைச் சுட்டாது. தானே ஒருவாறு ஊகித்துக் காட்டிவிடும். செம்மையால் அடிக்கோடிடும் ஆசிரியர் அல்லர் அவர். தவற்றைக் கண்டும் காணாமற்போகும் உறவினர். ஆதலின் எழுதியதைச் சரிபார்ப்பான் கொண்டு ஆராய்தல் வேண்டும்.

இனிக் கோலத்திற்கு வருவோம். தொடக்க ஆண்டுகளில் நிறமும் பருமனும் குறிக்கும் கட்டளைகளைச் சொற்களுக்கு இடையிலேயே எழுதினர். நூறு தலைப்பின் நிறத்தை மாற்ற நூறு இடத்தில் திருத்தல் வேண்டும்! நார்வே நாட்டவராகிய ஹோக்கன் வியும் லீ என்பார், கோலத்தை மட்டும் தனித்தாளில் எழுதுமாறு 1994-இல் ஒரு முறையை முன்மொழிந்தார். பெர்ட் போஸ் என்பாரும் உடன் உழைத்தார். 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் அம்முறை சி.எஸ்.எஸ். என்னும் பெயரால் தரமாக ஏற்கப்பெற்றது. ஒரு தாளில் ஒரு வரியைத் திருத்தினால் அதனைச் சார்ந்த பக்கங்கள் அனைத்தும் மாறும்.

இத்தாளைக் கற்றபோது எனக்கு வியப்பே மிகுந்தது. பத்திகள் எல்லாம் கருநிறம் பெறுக என்று ஒரு விதி. மேற்கோள் என்று பெயரிட்ட வகைப் பத்தி மட்டும் நீலநிறம் பெறுக என்று மற்றொரு விதி. இரண்டனுள் எது வெல்லும்? பின்னதே வெல்லும், தாளில் அது முன்னே எழுதப்பட்டிருப்பினும் வெல்லும். பொதுவிதியைச் சிறப்புவிதி விலக்கும் என்று நம் இலக்கணத்தில் படிக்கின்றோம் அன்றோ? இரு விதியும் ஒத்த வலிமையுடையனவாயின், இறுதியில் எழுதியது நிற்கும். புணரியல் கற்ற மாணவனுக்கு இஃது அரியதாகாது. இலக்கணத்தைக் கண்டு அஞ்சுகின்ற நீங்கள் இதனை விரும்பிக் கற்கின்றீர்கள் என்றால், குறை இலக்கணத்தில் இல்லை. யாம் கற்பித்த முறையில் இருத்தல் கூடும்.

யான் செய்த பெரும்பிழையைக் கூறுகின்றேன். முதன்முதலில் குறிமொழி கல்லாமலே, ஆயத்தக் கருவி ஒன்றைக் கொண்டு என் இலக்கணப் பாடங்களைப் பக்கமாக்கினேன். தலைப்புச் சொற்களைப் பெரிதாக்கிச் செந்நிறம் தீட்டினேன். கண்டோர் புகழ்ந்தனர். பின்னர், முன்னாளில் என்னிடம் பயின்ற ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவர் பார்வையற்றவர், திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக்காட்டும் மென்பொருளைக் கொண்டு படிப்பவர். "ஐயா, ஆகுபெயர்ப் பாடத்தைத் தேடினேன். தலைப்புத் தலைப்பாகத் தாவிச் செல்ல முடியவில்லை. எழுத்தியலிலிருந்து முழுவதையும் கேட்க நேர்ந்தது" என்றார். அவர் குறை கூறவில்லை, நடந்ததைச் சொன்னார். எனக்கோ நாணம் மிகுந்தது. யான் தலைப்பு என்று கருதியது கணிப்பொறிக்குத் தலைப்பே அன்று. பெரிய சிவந்த எழுத்து, அவ்வளவே. பாடம் சொல்லும் காலத்தில் அம்மாணவர்க்காகக் கரும்பலகையில் எழுதுவதை எல்லாம் வாயாலும் சொல்லி வந்தேன். இயந்திரம் கைக்கு வந்ததும் அதனை மறந்தேன்.

கேட்டால் பக்கத்தை எழுதித்தரும் இயந்திரங்கள் வந்துவிட்ட இந்நாளில் கையால் எழுதிக் கற்பானேன் என்று சிலர் வினவுகின்றனர். எழுதித் தரட்டும், தந்தது தலைப்பா, தலைப்பின் வேடமா என்று அறிய வேண்டியவர் நீங்கள். ஒருமுறையேனும் தம் கையால் குறியிட்டவர்க்கு அவ்வேறுபாடு விளங்கும். பத்து நாள் பயிற்சி அதற்குப் போதும்.

என் பெயர்த்தியை ஆசிரியையாகக் கொண்டு பாடங்களை மீண்டும் எழுதினேன். இயலுக்கு 'எச்2', உட்பிரிவுக்கு 'எச்3' இட்டேன். குரல்மென்பொருள் தமிழ் ஒலியில் படிக்குமாறு, பக்கத்தின் மொழி தமிழ் என்பதையும் தொடக்கக் குறியில் அறிவித்தேன். படங்களுக்குச் சொல்விளக்கம் சேர்த்தேன். செந்நிறத்தைக் கோலத்தாளுக்கு அனுப்பினேன். முடிந்ததும் அவரை அழைத்துச் சொன்னேன். 'எச்' என்னும் விசையை அவர் அழுத்த அழுத்தத் தலைப்புகள் ஒவ்வொன்றாய் ஒலிப்பது தொலைபேசியில் எனக்கும் கேட்டது. ஆகுபெயரில் நின்றார், சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர், "ஐயா, 'தலைக்கு ஒரு பழம் கொடு' என்பதை இடவாகுபெயரின்கீழ் வைத்திருக்கிறீர்கள். அது சினையாகுபெயர் அல்லவா?" என்றார். அன்றே திருத்தினேன்.