உயிருள்ள சரக்கும் நமது நாணயமும்

அம்பாறை மாவட்டக் கரையோர ஊரொன்றில் விவசாயப் பொருட்கள் விற்கும் சிறு கடை என்னுடையது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டதும் யூரியா இருந்த இடத்தை 'உயிர்ப்பசளை' போத்தல்கள் பிடித்துக்கொண்டன. ஏஜென்ட் இறக்கித் தந்தார். கமிஷனும் நல்லது. கூரைத் தகரத்துக்குக் கீழே, மேல் தட்டில் அடுக்கி வைத்தேன். பெரும்போகத்துக்கு ஒரு வயற்காரர் ஆறு போத்தல் வாங்கினார். வெட்டு முடிந்து வந்தவர், "காக்கா, நீங்க தந்தது வெறும் தண்ணிதானே" என்றார். சண்டை பிடிக்கவில்லை. ஆனால் அதன் பின் என் கடைப்படி ஏறவுமில்லை.

அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தேட வைத்தது. விசாரித்துப் பார்த்ததில், விஞ்ஞானத்தில் பொய் இல்லை; பிழை என் தட்டில்தான் இருந்தது.

வேரைச் சுற்றியுள்ள மண்ணில் பயிருக்கு உதவும் பற்றீரியாக்கள் வாழ்கின்றன. வரட்சியோ உப்போ தாக்கும்போது பயிர் எதிலீன் என்ற வாயுவைக் கூடுதலாக உண்டாக்குகிறது. அது மிகுந்தால் வேர் வளர்ச்சி குன்றிவிடும். சில பற்றீரியாக்கள் அந்த எதிலீன் உருவாகும் மூலப்பொருளையே உடைத்துத் தமக்கு உணவாக்கிக் கொள்கின்றன. வேர் தொடர்ந்து ஓடுகிறது. இதனை 1998இல் கனடா விஞ்ஞானி பெர்னார்ட் கிளிக் குழுவினர் விளக்கினர். வேறு சில, பசை போன்றதொரு பொருளைச் சுரந்து வேரடி மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. 2004 சுனாமியில் கடல்நீர் ஏறிய வயல்களைப் பார்த்த நமக்கு இதன் பெறுமதி புரியும்.

ஆனால் இது யூரியாவுக்கு முழு மாற்று அல்ல. பயறு, கௌபி, சோயா, கச்சான் போன்றவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் றைசோபியம் அப்பயிர்களுக்கு வேண்டிய நைதரசனில் பெரும் பங்கைக் கொடுக்கும். நெல்லுக்கு அப்படியல்ல, அங்கே இவை உதவியாளர் மட்டுமே. "இதைப் போட்டால் பசளையே தேவையில்லை" என்று சொல்லி விற்பவர் விவசாயியைக் கடனில் தள்ளுகிறார். 2021இல் நானும் அப்படித்தான் சொன்னேன்.

அடுத்தது, இது உயிருள்ள சரக்கு. பசிலஸ் வகைகள் தடித்த உறைக்குள் உறங்கி வெப்பத்தைத் தாங்கும். றைசோபியம், அசோஸ்பிரில்லம், சூடோமோனாஸ் போன்றவற்றுக்கு அந்த வசதி இல்லை. தகரச் சூட்டில் அவை செத்துவிடும். பூஞ்சண நாசினியோடு ஒரே டாங்கியில் கலந்தாலும் கெட்டுப்போகலாம். லேபல் மட்டும் பளபளவென்று அப்படியே இருக்கும்.

இந்தியா 2006இல் இப்பசளைகளைத் தன் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் கொண்டுவந்து, திரவமாயின் ஒரு மில்லிலீற்றரில் குறைந்தது 10 கோடி உயிர்க் கலங்கள் இருக்க வேண்டும் என்று விதித்தது. நாமும் ஏஜென்டிடம் அந்த எண்ணிக்கையைக் கேட்க வேண்டாமா? எந்தப் பற்றீரியா, எப்போது தயாரித்தது, எதுவரை செல்லும் என்று எழுத்தில் தராதவரின் சரக்கு நமக்கு வேண்டாம்.

சோதனையின் அருமையை நாடே விலை கொடுத்துப் படித்தது. 2021இல் சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளையின் மாதிரிகளில் தீங்கான பற்றீரியா இருப்பதாகக் கூறி நமது அதிகாரிகள் மறுத்தனர். கம்பனி அதை ஏற்கவில்லை. கடைசியில் 2022 ஜனவரியில் 60 இலட்சம் டொலருக்கு மேல் நாம் செலுத்த நேர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத பொருளை வாங்குவோரும் விற்போரும், யார் எப்படிச் சோதிப்பது என்பதை முதலிலேயே பேசி முடித்திருக்க வேண்டும்.

இப்போது நான் ஒரு போகத்துக்குத் தேவையான அளவே எடுக்கிறேன். நிழலான, குளிர்ந்த அறையில் வைக்கிறேன். பில்லில் தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் எழுதுகிறேன். முதல் முறை வாங்குபவரிடம், "காற்பங்கு வயலில் மட்டும் போட்டுப் பாருங்கள்" என்கிறேன். விற்பனை குறைந்தது உண்மைதான்.

ஓர் ஊரில் நான்கைந்து கடைக்காரர் சேர்ந்தால் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு போத்தலைச் சோதனைக்கு அனுப்பலாம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது; போய்க் கேட்டுப் பார்ப்போம். செத்த சரக்கைத் திருப்பி அனுப்பினால் ஏஜென்ட் கோபிப்பார். விற்றால் வயற்காரர் போய்விடுவார். ஏஜென்ட் நாளையும் வருவார். என் வயற்காரர் இன்னும் வரவில்லை.