ஊட்டி ரயிலுக்குப் போறவங்க ஈங்கூர்லயே ஜன்னல் பக்கம் உக்காருங்க

1/
லீவு விட்டா கிளினிக்ல அடிக்கடி வர்ற கேள்வி: "டாக்டர், அம்மாவை ஊட்டி ரயில்ல கூட்டிட்டுப் போலாமுங்களா?"

பிரஷரும் சுகரும் கட்டுப்பாட்டுல இருந்து, நாலு படி ஏறினா மூச்சு வாங்கலைன்னா, பெரும்பாலானவங்க தாராளமா போலாம். மாத்திரையைப் பெரிய பெட்டியில போடாம கைப்பையில வைங்க. ஸ்வெட்டர் எடுத்துக்குங்க. ஏறுறதுக்கு முன்னாடியே பாத்ரூம் போயிட்டு வந்துருங்க.

ஆனா இந்தத் த்ரெட் அதுக்காக இல்ல.

2/
மலை ரயிலைப் பத்தி ரெண்டு வார்த்தை. மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டிக்கு 46 கி.மீ. 208 வளைவு, 16 குகை, 250 பாலம். குன்னூர் வரைக்கும் 1899லயே வந்தாச்சு, ஊட்டிக்கு 1908ல. கல்லாறு தாண்டினதும் ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல பல்சட்டம் ஆரம்பிக்குது. எஞ்சினோட பல்சக்கரம் அதைக் கவ்விக்கிட்டு, பெட்டிகளைப் பின்னால இருந்து தள்ளிக்கிட்டே ஏறும். இந்தியாவுல இப்படி ஏறுற ரயில் இது ஒண்ணுதான். ஒரு பக்கம் பாறைச்சுவர், இன்னொரு பக்கம் அடி தெரியாத பள்ளத்தாக்கு. 2005ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சுது. அத்தனைக்கும் தகுதியான ரயில்தான்.

3/
போன வருஷம் என்கிட்ட வர்ற பெரியவர் ஒருத்தர், வயசு எழுபதுக்கு மேல, கண்புரை ஆபரேஷன் முடிஞ்சு பையனோட ஊட்டி போயிட்டு வந்தார். ஈங்கூர்ல பாசஞ்சர் ஏறி, கோவை, மேட்டுப்பாளையம், அப்புறம் மலை ரயில்.

"எப்படிங்க இருந்துச்சு?"ன்னு கேட்டேன்.

"மலை நல்லாத்தானுங்க இருந்துச்சு. ஆனா ஈங்கூர் தாண்டினதும் இடதுபக்கம் எங்க கொரங்காட்டைப் பாத்தேனுங்க. பழைய கண்ணுக்கு மசமசன்னு இருந்திருக்கும். இப்பத் தெளிவாத் தெரியுதுங்களே, கல்லு நட்டிருக்கறது."

4/
கொரங்காடுன்னா என்னன்னு வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லிடறேன். காங்கேயம், சென்னிமலை, வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கம் மானாவாரி மேய்ச்சல் நிலம். சுத்தியும் கிளுவை வேலி, கீழ கொழுக்கட்டைப் புல், அங்கங்க வெள்வேல மரம். காவல் இல்லாமலே மாடு உள்ள மேயும். கோடையில புல்லு காஞ்சா வெள்வேலங்காய் உதிரும், அதுல செம்மறி பொழச்சுக்கும். தண்ணி பாய்ச்ச வேண்டாம், உரம் வேண்டாம். மழை குறைஞ்ச ஊருக்கு நம்ம முன்னோர் கண்டுபிடிச்ச ஏற்பாடு. காங்கேயம் காளைங்க வளர்ந்தது இந்தப் புல்லுலதான். செவலையா பிறக்குற கன்னு ஆறு மாசத்துல மயிலையா மாறுறதை வேலி ஓரம் நின்னே பாக்கலாம்.

5/
ஈரோட்டுல இருந்து கோவை போறப்ப ஈங்கூர், விஜயமங்கலம், ஊத்துக்குளி வரைக்கும் இந்த நிலம் இன்னும் அங்கங்க மிச்சம் இருக்கு. அந்த நேரத்துல நாம போனைப் பாத்துட்டு இருக்கோம், இல்லன்னா தூங்குறோம். மேட்டுப்பாளையத்துலதான் கண்ணு முழிக்கிறோம்.

ஒரே பயணத்துல ரெண்டு பாதி. மலைப் பாதியைக் காப்பாத்த யுனெஸ்கோ இருக்கு, ரயில்வே இருக்கு. இந்தப் பாதிக்கு அந்தப் பெரியவர் மாதிரி நாலு பேரை விட்டா யாரும் இல்ல.

6/
"அப்ப ஏனுங்க வித்தீங்க?"ன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

மனைவிக்குப் பல வருஷமா பிரஷர். தலைவலி வந்தா மட்டும் மாத்திரை, போனா நிறுத்திருவாங்க. கடைசியில கிட்னி போச்சு. பதட்டத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. வாராவாரம் டயாலிசிஸ், ஊசி, வண்டி வாடகை. முதல்ல மாடு போச்சு. அப்புறம் காடு. கடைசியில அந்தம்மாவும் இல்ல.

7/
கொரங்காடு ஏன் அழியுதுன்னு பேசுறப்ப ரியல் எஸ்டேட், மழை, பசங்க டவுனுக்குப் போறதுன்னு சொல்லுவோம். எல்லாம் உண்மைதான். ஆனா ஆஸ்பத்திரி பில்லையும் அந்த லிஸ்ட்ல சேக்கணும். இந்தத் தொழில்ல இருக்குற நானே இதைச் சொல்லலைன்னா வேற யார் சொல்லுவா? "நிலத்தை விக்காதீங்க, பாரம்பரியம்"னு ஃபேன் காத்துல உக்காந்து எழுதுறது சுலபம். ஐசியூ வாசல்ல நிக்கிறவர்கிட்ட அந்த வசனம் செல்லாது.

8/
அதனால என் கருத்து இது. கொங்குல ஒரு கொரங்காட்டைக் காப்பாத்துற முதல் வேலை, பிரஷர் மாத்திரையை விடாமப் போடுறது.

சிரிக்காதீங்க. கட்டுப்பாடு இல்லாத பிரஷரும் சுகரும்தான் கிட்னி, மாரடைப்பு, பக்கவாதம் மூணுக்கும் பெரிய காரணம். தலைவலி இல்லைன்னா பிரஷர் இல்லைன்னு அர்த்தம் இல்ல. பெரும்பாலும் அது சத்தமே காட்டாது. அளந்து பாத்தாத்தான் தெரியும்.

9/
செய்ய வேண்டியது மூணு.

ஒண்ணு: 30 வயசு தாண்டின எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரஷர், சுகர் பாருங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல காசு கிடையாது. 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல மாத்திரை வீட்டுக்கே வருது.

ரெண்டு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1.2 லட்சத்துக்குள்ள இருந்தா, வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. ரேஷன் கார்டு, விஏஓ கிட்ட வருமானச் சான்று வாங்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல பதிஞ்சுக்கலாம். நோய் வந்தப்புறம் அலையாதீங்க, இப்பவே எடுங்க.

மூணு: அவசரம்னு விலை பேசுறதுக்கு முன்னாடி, அரசு மருத்துவமனையில டயாலிசிஸ் இலவசமா கிடைக்குதான்னு ஒரு வார்த்தை கேளுங்க. அந்தப் பெரியவர்கிட்ட அதை யாருமே சொல்லல.

10/
சரி, இதைச் செஞ்சா எல்லாக் கொரங்காடும் தப்பிச்சுருமா? தப்பிக்காது. பிளாட் விலை ஏறிக்கிட்டேதான் இருக்கும். வளக்குறதுக்கு ஆள் இல்லாம மாடும் குறையும். அதுக்கெல்லாம் வேற கொள்கை வேணும், அது என் துறை இல்ல. ஆனா விருப்பப்பட்டு விக்கிறது வேற, வேற வழியில்லாம விக்கிறது வேற. ரெண்டாவதை நாம தடுக்கலாம்.

11/
அம்மா அப்பாவைக் கண்டிப்பா மலை ரயில்ல கூட்டிட்டுப் போங்க. மூட்டு ஒத்துழைக்கிறப்பவே போங்க. ஆனா ஈங்கூர்லயே ஜன்னல் பக்கம் உக்கார வைங்க, கோவை போறப்ப இடதுபக்கம். போனைப் பையில போட்டுட்டு, "இது யாரு காடுங்கம்மா?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. ஊத்துக்குளி வர்ற வரைக்கும் அவங்க பேசுவாங்க.

போறதுக்கு முன்னாடி பிரஷர் மட்டும் பாத்துட்டுப் போங்க.