கெட்டது ஒரு வில்லை. மாற்றுவது முழுப் போர்டா?

இரவு 9 மணி. நல்ல மழை. "பளிச்" என்று ஒரு மின்னல். வீடு இருண்டது.

அரை மணி நேரத்தில் கரண்டு வந்தது. விளக்கு எரிந்தது. மின்விசிறி சுற்றியது. ஆனால், சமையல் அறையில் இருந்த பாத்திரம் கழுவும் மெஷின் மட்டும் பேச்சு மூச்சு இல்லாமல் நின்றது. பொத்தானை அழுத்தினார் அந்த வீட்டு அம்மாள். ஒரு சத்தமும் இல்லை. கதவைத் திறந்தார். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கோடு குக்கரும் தட்டுகளும்!

மறுநாள் கம்பெனி மெக்கானிக் வந்தார். ஐந்து நிமிடம் பார்த்தார்.

"போர்டு போய்விட்டது, அம்மா. புதுசுதான் போட வேண்டும்."

"எவ்வளவு ஆகும்?"

அவர் தொகையைச் சொன்னார். அம்மாளுக்குத் தலை சுற்றியது. மெஷின் விலையில் கால் பங்கு!

"இதோடு கொஞ்சம் சேர்த்துப் போட்டால் புது மெஷினே வாங்கிவிடலாமே" என்று யோசனையும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

இது ஒரு வீட்டில் மட்டும் நடப்பது அல்ல. 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் வர முடியவில்லை. பாத்திரம் மலை போல் குவிந்தது. பணக்கார வீட்டுச் சாமான் என்று நினைத்திருந்த இந்த மெஷின் நடுத்தரக் குடும்பங்களிலும் நுழைந்தது அப்போதுதான். அன்று வாங்கிய மெஷின்களுக்கு உத்தரவாத காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. இனி, பழுது பார்க்கும் செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில்தான்.

ஆகவே ஒரு கேள்வி. உண்மையில் கெட்டது எது?

வாசல் காவல்காரர்கள்

மெஷினுக்குள் பெரிய மாயம் எதுவும் இல்லை. குழாய்த் தண்ணீரை உள்ளே விட ஒரு வால்வு. அதைச் சூடாக்க ஒரு ஹீட்டர். பாத்திரங்கள் மீது தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க ஒரு பம்பு. அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ள இன்னொரு பம்பு. எது எப்போது ஓட வேண்டும் என்று உத்தரவு போடும் கணக்குப்பிள்ளைதான் போர்டு.

பல போர்டுகளில் கரண்டு நுழையும் இடத்தில் இரண்டு காவல்காரர்கள் உண்டு. ஒருவர் பியூஸ். இன்னொருவர் எம்.ஓ.வி. என்று மெக்கானிக்குகள் சொல்லும் சிறு வில்லை. பார்ப்பதற்குச் சட்டைப் பொத்தான் போல இருக்கும். பெரும்பாலும் நீல நிறம்.

வீட்டுக்கு வர வேண்டிய மின்சாரம் 230 வோல்ட். அந்த அளவில் இந்த வில்லை சும்மா இருக்கும். வோல்ட் மிக அதிகமாக ஏறினால் விழித்துக் கொள்ளும். வரும் மின்சாரத்தைத் தன் வழியாகவே இழுத்து விடும். அந்த வேகத்தில் பியூஸ் அறுந்து போகும். வில்லையும் கருகிவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் விலை உயர்ந்த பாகங்கள் பல சமயம் தப்பிவிடும்.

காவல்காரர்கள் தங்கள் கடமையைச் செய்து விழுந்தார்கள். அவர்கள் விலை என்ன? இரண்டுக்கும் சேர்த்துச் சில பத்து ரூபாய்! அதற்காக முழுப் போர்டையும் தூக்கி எறிவது, தாழ்ப்பாள் உடைந்த வீட்டை இடித்துக் கட்டுவது போல் இல்லையா?

வோல்ட் ஏன் இப்படி ஏறுகிறது? மின்னல் ஒரு காரணம். தெருக் கம்பம் இன்னொரு காரணம். கம்பத்தில் மூன்று பேஸ் கம்பிகள் வருகின்றன. எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு நியூட்ரல் கம்பி. இந்த நியூட்ரல் அறுந்தால் கணக்கே மாறிவிடும். ஒரு வீட்டில் விளக்கு மங்கும். அடுத்த வீட்டில் வோல்ட் 400-ஐ நெருங்கிவிடும். "நேற்று எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் டி.வி. போய்விட்டது" என்று பேசிக் கொள்கிறார்களே, அது பெரும்பாலும் இந்த நியூட்ரல் செய்த வேலைதான்.

வேறொரு பழுதும் உண்டு. மெஷின் ஓடும், ஆனால் தண்ணீர் சூடாகாது. ஹீட்டர் சுமார் 2,000 வாட் இழுக்கும். அதாவது கிட்டத்தட்ட 9 ஆம்பியர். அவ்வளவு கரண்டும் போர்டில் இருக்கும் ரிலேயின் வழியாகப் போகிறது. தினமும் சூடாகி, ஆறி, சூடாகி, ஆறி, ரிலேயின் காலடியில் உள்ள ஈயப் பற்று விரிசல் விடும். விரிசலில் பொறி பறக்கும். அந்த இடம் கருகும். அதிகம் கருகுவதற்கு முன்னால் பார்த்துவிட்டால், மறுபடி ஈயம் பற்ற வைத்தால் போதும்.

உயிர் விஷயம்

"அப்படியானால் நாமே திறந்து பார்த்துவிட்டால் என்ன?" என்று சில வீட்டு ஆண்பிள்ளைகள் ஸ்குரு டிரைவரோடு கிளம்பி விடுகிறார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். இது தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டியில் குடியிருக்கும் சாமான்.

திறக்காமலே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. அதே பிளக்கில் வேறு சாமானைப் போட்டுப் பாருங்கள். அதுவும் ஓடாவிட்டால் குற்றம் மெஷினில் இல்லை. மெஷின் கதவு "டக்" என்று சரியாக மூடுகிறதா? மூடாவிட்டால் மெஷின் ஓடாது. சில மெஷின்களில் அடித்தட்டில் தண்ணீர் தேங்கினாலும் உள்ளே ஒரு மிதவை எழும்பி வேலையை நிறுத்திவிடும். அதைப் பார்த்துப் "போர்டு போய்விட்டது" என்று பயப்படுகிறவர்கள் உண்டு.

மெஷினைப் போட்டதும் வீட்டு மெயினே விழுகிறதா? அத்தோடு நிறுத்துங்கள். ஹீட்டரில் இருந்தோ வேறு பாகத்தில் இருந்தோ கரண்டு கசியலாம். மறுபடி மறுபடி மெயினைத் தூக்கிவிட்டுச் சோதிப்பது விஷப் பரீட்சை. மெயினை விழ வைக்கும் அந்தச் சிறு பெட்டி உயிரைக் காப்பாற்றிக் கொண்டிருக்கிறது.

திறந்துதான் பார்க்க வேண்டும் என்றால் அது வேலை தெரிந்தவர் செய்ய வேண்டியது. அவருமே சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கையே பிடுங்க வேண்டும். வயரிங்கில் கம்பி மாறியிருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே கரண்டு இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் போர்டில் உள்ள கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் கொஞ்ச நேரம் தங்கி நிற்கலாம்.

இன்னொன்று. பியூஸ் அறுந்த இடத்தில் தாமிரக் கம்பியைச் சுற்றி ஓட்டுகிறார்களே, அது கெட்டிக்காரத்தனம் அல்ல. காவல்காரனை விரட்டிவிட்டு வாசலைத் திறந்து போடுகிற காரியம். பியூஸ் ஏன் அறுந்தது என்று தெரியாமல் புதுப் பியூஸ் போடுவதும் பாதி வேலைதான்.

கம்பெனி சொல்லும் நியாயம்

"இதனால்தான் நாங்கள் சிறு பாகங்களை விற்பதில்லை. வாங்குகிறவர்கள் ஆபத்தில் மாட்டிக் கொள்வார்கள்" என்று கம்பெனிகள் சொல்லும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், முறையாக வேலை தெரிந்த மெக்கானிக்குக்கும் வரைபடம் தருவதில்லையே, அது ஏன்? டி.வி. போர்டையும் இன்வெர்ட்டர் போர்டையும் தினமும் பிரித்துப் பார்க்கிறவருக்கு இந்தப் போர்டு மட்டும் ஆகாதா? ஈரம் படாமல் இருக்கச் சில போர்டுகள் மீது பிசின் போல ஒன்றை ஊற்றி மூடுகிறார்கள். ஈரம் உள்ளே போகாது என்பது உண்மை. மெக்கானிக்கின் கையும் உள்ளே போகாது!

இந்த மெஷின் பிறந்த கதை வேறு மாதிரி. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஜோசபின் காக்ரேன் என்று ஒரு சீமாட்டி இருந்தார். கழுவும்போது தன் பீங்கான் தட்டுகள் உடைகின்றனவே என்று அவருக்கு வருத்தம். 1883-ல் கணவர் இறந்தார். மிஞ்சியது கடன். அம்மையார் துவளவில்லை. ஒரு மெக்கானிக்கைத் துணைக்கு வைத்துக் கொண்டு, கையால் சுற்றுகிற மெஷினைச் செய்தார். 1886-ல் காப்புரிமை வாங்கினார். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அதை வைத்தார். ஓட்டல்காரர்கள் வாங்கினார்கள். ஒரு மெக்கானிக்கின் கை பட்டு வளர்ந்த மெஷினை, இன்று எந்த மெக்கானிக்கும் தொடக்கூடாது என்பது வேடிக்கைதான்.

ஐரோப்பாவில் இதற்குச் சட்டமே போட்டுவிட்டார்கள். 2021-ம் ஆண்டு மார்ச் முதல் அமலில் இருக்கிறது. ஒரு மாடல் மெஷின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 7 ஆண்டுகளுக்கு பம்பு, ஹீட்டர், போர்டு போன்றவை மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க வேண்டும். கதவு ரப்பர், கூடை, தண்ணீர் பீய்ச்சும் கை போன்றவை 10 ஆண்டுகளுக்கு. இவற்றை வீட்டுக்காரர்களே வாங்கலாம். கேட்ட பாகம் 15 வேலை நாட்களுக்குள் வந்து சேர வேண்டும். பிரான்சில் 2022 நவம்பர் முதல் இந்த மெஷினுக்கு மார்க் போடுகிறார்கள். எளிதில் பழுது பார்க்க முடியுமா என்பதற்குப் பத்துக்கு இத்தனை மார்க்! கடையில் விலையோடு அதையும் காட்ட வேண்டும். அங்கும் ஒரு குறை. சட்டம் முழுப் போர்டைத்தான் சொல்கிறது. வில்லையைச் சொல்லவில்லை.

இந்தியாவில் மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் "பழுது பார்க்கும் உரிமை" என்று ஓர் இணையதளம் தொடங்கியது. கம்பெனிகளின் கையேடும் சேவை நிலைய விவரமும் அதில் கிடைக்கும். நல்ல தொடக்கம்தான். ஆனால் கையேட்டை வைத்துக் கொண்டு கருகிய ரிலேயை மாற்ற முடியாது. போர்டின் வரைபடமும், அதில் உள்ள பாகங்களின் பட்டியலும் மெக்கானிக்கின் கைக்கு வர வேண்டும். அதைக் கட்டாயமாக்க வேண்டும். மெஷின் வாங்கப் போகிறவர்களும் கடைக்காரரை ஒரு கேள்வி கேட்கலாம்: "இதற்கு எத்தனை வருடம் போர்டு கிடைக்கும்? எழுதித் தருவீர்களா?"

மின்னலில் நின்றுபோன அந்த வீட்டு மெஷின் என்ன ஆயிற்று?

அம்மாளின் மகன் போர்டைக் கழற்றச் சொல்லி, கடைத்தெருவில் உள்ள டி.வி. மெக்கானிக்கிடம் எடுத்துப் போனான். பியூஸ் அறுந்திருந்தது. வில்லை வெடித்திருந்தது. அதன் மேல் இருந்த எண்ணும் கருகிவிட்டது.

"எந்த அளவு போடுவது என்று தெரியவில்லையே, தம்பி" என்று அவர் விழித்தார். வரைபடம் இல்லை. குத்துமதிப்பாக ஒன்றைப் போட அவருக்கு மனம் இல்லை. நாலு நாள் கழித்து, அதே மாடல் பழைய போர்டு ஒன்று வேறொரு கடையில் கிடைத்தது. எண்ணைப் பார்த்து, புது வில்லையும் புதுப் பியூசும் போட்டார். மெஷின் ஓடிவிட்டது.

அந்த நாலு நாளும் பாத்திரம் கழுவியது அம்மாள்தான். இப்போது வானம் உறுமினால் போதும், முதல் வேலையாகப் பிளக்கைப் பிடுங்கி விடுகிறார்.