செவியே மெட்டு

கிதார் கற்கும் பிள்ளைகள் சிலருக்கு, விரலில் ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டிக்கொண்டு தந்திமேல் இழைத்து வாசிக்கும் 'ஸ்லைடு' முறையில் பெரிய மோகம் உண்டாகிறது. ஒரு மாதம் சென்று விசாரித்தாலோ, குழாய் அலமாரியில் உறங்குகிறது. "எனக்கு அந்தக் கை இல்லை, ஸார்" என்று பதில் வருகிறது. கையில் குறை ஒன்றுமில்லை; செவியைப் பழக்காததே குறை என்பது நம் அபிப்பிராயம்.

இம்முறைக்கு ஆடம்பரமான சாதனம் எதுவும் வேண்டியதில்லை. ஹவாயில் 1874-ல் பிறந்த ஜோஸப் கெகுகு, பள்ளிப் பருவத்திலேயே எஃகுத் துண்டினால் தந்தியை இழைத்து வாசிக்கத் தொடங்கியவர் என்று போற்றப்படுகிறார். மிஸிஸிப்பி மாகாணத்து டட்வைலர் ரயில் நிலையத்தில், 1903-ம் வருஷ வாக்கில், கந்தை உடுத்த கறுப்பர் ஒருவர் கத்தியைத் தந்திமேல் வைத்து வாசித்ததைக் கேட்டு வியந்ததாக, டபிள்யூ. ஸி. ஹாண்டி 1941-ல் வெளிவந்த தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

சாதாரணமாகக் கிதாரில் விரலை மெட்டுக்குச் சற்று முன்பாக அழுத்தினால் போதும். ஸ்வரத்தை மெட்டே நிர்ணயித்துவிடும். குழாய்க்கு அந்தத் துணை கிடையாது. அது மெட்டுக் கம்பியின் நேர்மேலே, கம்பிக்கு இணையாக நிற்க வேண்டும். மெட்டே இல்லாத நம் கோட்டு வாத்தியத்தின் நிலைமைதான் இது. மேலும், குழாயை அழுத்தலாகாது. அழுத்தினால் தந்தி மெட்டில் மோதிக் கடகடக்கும். சுண்டு விரலில் குழாயை அணிந்து, மற்ற விரல்களை அதன் பின்னே தந்திமேல் இலேசாகப் படிய வைத்தால் வீண் இரைச்சல் அடங்கும். தந்திகள் பலகையினின்று சற்று உயர்ந்திருப்பதும் நல்லது.

இனி அப்பியாசம். தடித்த தந்தி முதலாக ப, ஸ, ப, ஸ, க, ப என்று சுருதி கூட்டிக்கொள்க. மிக மெல்லிய தந்தியின் 5-வது மெட்டின்மேல் குழாயின் நுனியை வைத்தால் மேல் ஷட்ஜம் பேசும். மெல்லிய தந்தியிலிருந்து எண்ணினால் மூன்றாவதாக வருவது கீழ் ஷட்ஜம். அதைத் திறந்தபடியே உடன் மீட்டுக. இரண்டும் இசைந்தால் ஒன்றில் ஒன்று கரையும். மயிரிழை பிசகினாலும் நாதம் அலை அலையாய் நடுங்கும். கண்ணை மூடிக்கொண்டு அந்த நடுக்கம் ஓயும் இடத்தைத் தேடுக. பிறகு 7-வது மெட்டு, அதன்பின் 12-வது.

ஓர் எச்சரிக்கை. பிசகிய ஸ்வரத்தைக் குழாயை ஆட்டி மறைப்பது எளிது. கேட்பவரும் அதைக் கமகம் என்று நம்பிவிடக்கூடும். வாசிப்பவன் செவியோ அந்தப் பொய்க்குப் பழகிப்போகும். பின்னர் அதைத் திருத்துவது கடினம். ஸ்வரம் முதலில் அசையாது நிற்கட்டும், அசைவு பிறகு வரட்டும். தினம் பதினைந்து நிமிஷம் இவ்வாறு பொறுமையுடன் கேட்டுப் பழகும் பிள்ளைக்கு, அலமாரியில் உறங்கும் குழாய் மீண்டும் விரலில் ஏறும்.