'கைவிடப்பட்ட' தடத்தின் எழுவாய் எங்கே?

மூணாறு–டாப் ஸ்டேஷன் பழைய ரயில் தடத்தைச் சுற்றுலா நடைபாதையாக்கலாம் என்று திருவனந்தபுரத்துக் கருத்தரங்குகளில் நாம் பேசும்போது 'கைவிடப்பட்ட தடம்' என்கிறோம். செயப்பாட்டுவினைப் பெயரெச்சத்தின் வசதி இது: கைவிட்டவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாளம் 1908இல் குறும்பாதை ரயிலாயிற்று. 1924 வெள்ளம் அதை அழித்தது. அது சுமந்த தேயிலையைக் கொய்தவர் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர்.

நடைபாதைக்கு அமெரிக்காவை எடுத்துக்காட்டுவோர் 2014ஆம் ஆண்டின் பிராண்ட் வழக்கையும் படிக்க வேண்டும். 1875ஆம் ஆண்டுச் சட்டப்படி ரயில் நிறுவனம் பெற்றது வழியுரிமை மட்டுமே; அதைக் கைவிட்டதும் அவ்வுரிமை அற்றுப்போய் நிலம் முழுமையாக நிலவுடைமையாளரையே சேரும் என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். அங்கே 'கைவிடுதல்' உரிமையைத் தீர்மானிக்கும் சட்டச்சொல். நமக்கோ வெறும் அடைமொழி. நடைபாதையை மட்டும் இரவல் வாங்கி, உரிமை விசாரணையை அங்கேயே விட்டுவிடுகிறோம்.

நம் விசாரணை 1971ஆம் ஆண்டின் கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். வேளாண் மக்களின் நலனைக் காரணங்காட்டி நிலத்தை அரசுடைமையாக்கிய அச்சட்டம், தோட்டப் பகுதியை நிறுவனத்திடமே விட்டுவைத்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 2020இல் பெட்டிமுடி மண்சரிவு 70 பேரைப் பலிகொண்டபோது புதையுண்டவை தொழிலாளர் லயங்கள். அவர்களுக்குச் சொந்தமான வீடுகள் அல்ல.

நடைபாதைக்கு நான் எதிரி அல்லேன். தடத்தின் எப்பகுதி எவருடையது என்ற பதிவேட்டை அரசு முதலில் வெளியிடட்டும். தொழிலாளர்க்கு வீட்டுமனை, பின்னர் பயணிக்கு நடைபாதை: வரிசை இதுவே. இதைத் தலைகீழாக்கும் திட்டத்துக்கு 'மரபுப் பாதுகாப்பு' என்னும் பெயர் பொருந்தாது.